கிருமி இருக்கிறது, சரி… வலி அதனால்தானா?

குழந்தை நலம்: வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

நாள்பட்ட நோயோடு வாழும் குழந்தைகளுக்கு வரும் வயிற்று வலி, இரைப்பையில் வாழும் ‘ஹெச். பைலோரி’ கிருமி ஆகியவை பற்றிய கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சுருக்கியிருக்கிறேன். ஊர் பெயர் போதும் என்று ஆட்களின் பெயரை விட்டுவிட்டேன். பிள்ளையின் நோயைப் பற்றித் தெருவே பேச வேண்டியதில்லை.

*

என் மகளுக்கு 11 வயது. டைப் 1 சர்க்கரை நோய் இருக்கிறது, தினமும் நான்கு வேளை இன்சுலின் போடுகிறோம். கொஞ்ச நாளாக அடிக்கடி வயிறு வலிக்கிறது என்கிறாள். ரத்தப் பரிசோதனையில் ‘ஹெச். பைலோரி ஐஜிஜி பாசிட்டிவ்’ என்று வந்தது. ‘அல்சர் கிருமி, விட்டால் கேன்சர் வரும்’ என்று பயமுறுத்திவிட்டார்கள். மருந்துக் கடையில் 14 நாள் ‘கிட்’ வாங்கி வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா?
– ஒரு அம்மா, திண்டுக்கல்

கொடுக்காதீர்கள். அந்தக் கிட் பெரியவர்களுக்கான அளவில் போட்டது. குழந்தைக்கு எடை பார்த்துத்தான் அளவு எழுத வேண்டும். அதைவிட முக்கியம், நீங்கள் எடுத்திருக்கும் பரிசோதனையே இந்தக் கேள்விக்கு உதவாது. ஐஜிஜி என்பது ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள். கிருமி எப்போதோ வந்து போயிருந்தாலும் அது மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், தங்கியிருக்கும். இன்றைக்கு இரைப்பையில் கிருமி இருக்கிறதா என்று அது சொல்லாது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள குழந்தைகள் குடல்நோய் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறைகளும் குழந்தைகளுக்கு இந்த ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்கின்றன. ஆனாலும் ‘ஃபுல் பேக்கேஜ்’ என்று எடுத்த ரிப்போர்ட்டுகளோடு பெற்றோர் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

இந்தக் கிருமிக்கு ஒரு பெரிய கதை உண்டு. 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் இருவரும் இதை வளர்த்துக் காட்டினார்கள். இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் நிலைத்து வாழாது என்பதுதான் அதுவரை பாடம். இதனிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. அதை வைத்து யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு, சளிப்படலத்துக்குள் திருகிப் புகுந்துவிடும். ஒருவரும் நம்பவில்லை என்று 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அல்சருக்கு விடை கிடைத்தது உண்மை. ஆனால் அந்த உற்சாகத்தில் வயிற்று வலி எல்லாவற்றுக்கும் இதையே குற்றவாளியாக்கும் பழக்கமும் வந்துவிட்டது. இதில் டாக்டர்களுக்கும் பங்கு உண்டு.

நம் நாட்டில் இந்தக் கிருமி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் சிறு வயதிலேயே வந்துவிடுகிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க ஒரு தொந்தரவும் வராது. வயிறு வலிக்கிற பிள்ளைகளையும் வலிக்காத பிள்ளைகளையும் சோதித்தால் இரண்டு பக்கமும் பாசிட்டிவ் கிடைக்கும். கேன்சர் விஷயமும் பொய்யில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே இதைப் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனால் அது பல பத்தாண்டுகள் கழித்து, கிருமி உள்ளவர்களில் மிகச் சிலருக்கு வருவது. பதினோரு வயதுப் பெண்ணின் வயிற்று வலியோடு அதை முடிச்சுப் போட வேண்டாம்.

சரி, வலிக்கு என்ன காரணம்? டைப் 1 சர்க்கரை உள்ள குழந்தை வயிறு வலி என்றால் நான் முதலில் கேட்பது கிருமியைப் பற்றி அல்ல, கீட்டோனைப் பற்றி. இன்சுலின் போதாமல் போகும்போது உடம்பு கொழுப்பை எரிக்கும். ரத்தத்தில் கீட்டோன் ஏறி அமிலம் கூடும். அதன் முதல் அறிகுறியே பல குழந்தைகளுக்கு வயிற்று வலியும் வாந்தியும்தான். வீட்டில் ‘நேற்று சாப்பிட்ட பரோட்டா சேரவில்லை’ என்பார்கள். ஒருவர் ஓம வாட்டர் கொடுப்பார். இன்னொருவர் தொக்கம் எடுக்கக் கூட்டிப் போவார். பெரிய ஆபத்து அடுத்து வருவது: ‘சாப்பிடவே இல்லையே, ஊசி எதற்கு’ என்று இன்சுலினை நிறுத்திவிடுவார்கள். வாந்தி எடுக்கிற நாளிலும் இன்சுலினை முழுதாக நிறுத்தக் கூடாது. அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று உங்கள் டாக்டர் சொல்வார். சர்க்கரை பாருங்கள், கீட்டோனும் பாருங்கள். சிறுநீர் ஸ்ட்ரிப் போதும். விரலில் குத்திப் பார்க்கும் கீட்டோன் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. அதில் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் உடனே மருத்துவமனை. பிள்ளை ஆழமாக, வேகமாக மூச்சு விட்டாலோ, மூச்சில் பழ வாசனை வந்தாலோ, அசந்து அசந்து தூங்கினாலோ மீட்டருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இது திடீரென்று வரும் வலிக்கு. உங்கள் மகளுக்குப் போல வந்து வந்து போகிற வலி என்றால் சீலியாக் நோயைப் பார்க்க வேண்டும். கோதுமையில் உள்ள குளூட்டன் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத நோய் அது. வட இந்தியாவை விடத் தென்னிந்தியாவில் குறைவுதான். ஆனால் டைப் 1 உள்ள குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட அதிகம் வரும். அதனால்தான் சர்க்கரை கண்டுபிடித்த உடனும், பிறகு இரண்டாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் அதற்கான ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறோம். நம் வீடுகளில் என்ன நடக்கிறது தெரியுமா? சுகர் என்றதும் சோற்றை நிறுத்தி மூன்று வேளையும் சப்பாத்தி, கோதுமை ரவை உப்புமா. சீலியாக் இருக்கிற பிள்ளைக்கு அதுதான் விஷம். வலியோடு வயிறு உப்பல், உயரம் ஏறாமல் நிற்பது, காரணமே தெரியாமல் சர்க்கரை அடிக்கடி தாழ்வது இருந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும். ஆனால் பரிசோதனைக்கு முன்னால் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், முடிவு தப்பாக வரும்.

மலச்சிக்கலையும் கேளுங்கள். பதினோரு வயதுப் பெண் பிள்ளை பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல் காலையிலிருந்து மாலை வரை அடக்கி வைத்திருப்பாள், வீட்டில் யாருக்கும் தெரியாது. சர்க்கரை உள்ள குழந்தைக்கு இன்னொன்று: மற்ற பிள்ளைகள் பார்க்க ஊசி போட வேண்டியிருக்கிற நாளில் மட்டும் வயிறு வலிக்கலாம். அது நடிப்பு இல்லை. வலி நிஜம், காரணம்தான் வேறு.

ஹெச். பைலோரி இருந்தால் சர்க்கரைக் கட்டுப்பாடு கெடும் என்று சில ஆய்வுகள் சொன்னன, சில மறுத்தன. அதை நம்பி ஒரு குழந்தைக்கு இரண்டு ஆன்டிபயாடிக் கொடுக்க நான் தயாரில்லை. வலி இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறது, எடை குறைகிறது, வாந்தியில் ரத்தம், மலம் தார் போலக் கறுப்பு என்றால் கதை வேறு. அப்போது குழந்தைகள் குடல்நோய் நிபுணரிடம் போய் எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) செய்ய வேண்டும்.

*

மகனுக்கு 7 வயது. சிறுநீரில் புரதம் கசிந்து உடம்பு வீங்கும் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரக நோய் இருக்கிறது. ஸ்டீராய்டும், எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸும் சாப்பிடுகிறான். வாந்தியில் காபித்தூள் மாதிரி வந்ததால் எண்டோஸ்கோப்பி செய்தார்கள். சிறுகுடல் தொடக்கத்தில் புண், ஹெச். பைலோரியும் இருக்கிறதாம். எங்கள் ஊரில் பார்த்தவர் கிளாரித்ரோமைசின் சேர்ந்த மருந்து எழுதினார். ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு இது ஒத்துப்போகுமா?
– ஒரு தந்தை, கரூர்

நல்ல கேள்வி. இதை நீங்கள் கேட்க வேண்டி வந்ததுதான் வருத்தம்; சீட்டு எழுதும்போதே பார்த்திருக்க வேண்டிய விஷயம்.

உங்கள் மகனுக்குச் சிகிச்சை வேண்டும், அதில் சந்தேகமில்லை. புண் இருக்கிறது, ரத்தம் கசிந்திருக்கிறது, திசுவில் கிருமியும் தெரிந்திருக்கிறது. ஆனால் எந்த மருந்து என்பதில் கவனம் வேண்டும். கிளாரித்ரோமைசின், டாக்ரோலிமஸைக் கல்லீரல் உடைத்து வெளியேற்றுவதைத் தடுக்கும். அளவு மாற்றாமல் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு வேகமாக ஏறும். கை நடுங்கும், ரத்த அழுத்தம் கூடும், எந்தச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற மருந்து கொடுக்கிறோமோ அதுவே அடி வாங்கும். சைக்ளோஸ்போரின் சாப்பிடும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். இந்தக் கிருமிக்குக் கொடுக்கும் இன்னொரு ஆன்டிபயாடிக்கான மெட்ரோனிடசோலும் ஓரளவு இந்த வேலையைச் செய்யக்கூடும். அதனால் சிறுநீரக டாக்டரும் குடல் டாக்டரும் ஒரு முறை போனில் பேசிக்கொண்டாக வேண்டும். எண்டோஸ்கோப்பியில் எடுத்த திசுவில் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது மசியும் என்று பார்க்க வசதி இருந்தால் மிக நல்லது. நம் நாட்டில் கிளாரித்ரோமைசினுக்கும் மெட்ரோனிடசோலுக்கும் மசியாத கிருமிகள் நிறைய. எதைக் கொடுத்தாலும், அந்த 14 நாட்களில் டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்தில் பார்க்கும் தேதியை முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கிருமி சிகிச்சையில் பிஸ்மத் மாத்திரையையும் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்த பிறகுதான். பிஸ்மத் மலத்தைக் கறுப்பாக்கும், இரும்பு டானிக்கும் ஆக்கும். ரத்தக் கசிவிலும் மலம் கறுக்கும். ரத்தக் கசிவின் கறுப்பு தார் போலப் பிசுபிசுவென்று, கெட்ட வாடையோடு இருக்கும். குழப்பமாக இருந்தால் போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள், கூச்சப்படாதீர்கள். நாங்கள் பார்க்காத டயாபரா?

புண்ணுக்கு ஸ்டீராய்டு மட்டும் காரணம் என்று நினைத்து அதை நிறுத்திவிட வேண்டாம். தனியாக ஸ்டீராய்டால் புண் வருவது நாம் நினைப்பதைவிடக் குறைவு. அதோடு ஐபுப்ரோஃபென் போன்ற வலி மருந்தும் கிருமியும் சேரும்போதுதான் ஆபத்து எகிறும். காய்ச்சலுக்கு அவனுக்கு பாரசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென் அவன் சிறுநீரகத்துக்கும் ஆகாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நெஃப்ரோடிக் குழந்தைகளைப் பொறுத்தவரை என் பயம் ஹெச். பைலோரி இல்லை. உடம்பு வீங்கி, வயிற்றில் நீர் கோத்திருக்கிற சமயத்தில் வயிற்று வலியும் காய்ச்சலும் வந்தால் அது பெரிட்டோனைட்டிஸாக இருக்கலாம். வயிற்றுக்குள் கோத்த நீரிலேயே நியூமோகாக்கஸ் போன்ற பாக்டீரியா தொற்றிக்கொள்வது. அன்றே ஊசி வழியாக ஆன்டிபயாடிக் போக வேண்டும். ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்குக் காய்ச்சல் லேசாகத்தான் தெரியும், வலியும் அடங்கியிருக்கும். ‘லேசான காய்ச்சல்தானே, கேஸ் மருந்து கொடுத்துப் பார்ப்போம்’ என்று ஒரு ராத்திரியைக் கடத்தாதீர்கள். நியூமோகாக்கல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த விசிட்டில் கேளுங்கள்.

*

பேரனுக்கு ஆஸ்துமா உண்டு, இன்ஹேலர் எடுக்கிறான். எனக்கு அல்சர் வந்து ஹெச். பைலோரிக்கு மருந்து சாப்பிட்டேன். அவனுக்குச் சின்ன வயதில் நான்தான் சோறு பிசைந்து, சில சமயம் மென்றும் ஊட்டுவேன். நான்தான் கொடுத்துவிட்டேனா? வீட்டில் எல்லோரும் மருந்து சாப்பிட வேண்டுமா?
– ஒரு பாட்டி, காரைக்குடி

அம்மா, இந்தக் கிருமி பெரும்பாலும் குடும்பத்துக்குள்தான் பரவுகிறது. எச்சில், வாந்தி, சரியாகக் கழுவாத கை, அசுத்தமான தண்ணீர் வழியாக. யாரிடமிருந்து யாருக்கு என்று கணக்குப் பார்க்க முடியாது. உங்களுக்கே உங்கள் அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம். அதற்காகப் பேரனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

மென்று ஊட்டுவதை மட்டும் இனி வரும் குழந்தைகளுக்கு விட்டுவிடுங்கள். பிசைந்து ஊட்டுவதற்கு ஒரு தடையும் இல்லை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். பேரனுக்கு வயிற்றில் தொந்தரவு இல்லை என்றால் பரிசோதனையே தேவையில்லை. ‘வீட்டில் ஒருவருக்கு இருந்தது, எல்லாப் பிள்ளைக்கும் மருந்து’ என்ற பேச்சும் வேண்டாம். குழந்தையின் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள், அப்போது யோசனை மாறும். இன்ஹேலரில் போகும் ஸ்டீராய்டு இரைப்பையைப் புண்ணாக்காது. எடுத்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள், அது வாயில் பூஞ்சை வராமல் இருக்க.

*

என் மகளுக்கு 9 வயது, தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய். மாதம் ஒரு முறை ரத்தம் ஏற்றுகிறோம். இரும்பைக் குறைக்க டெஃபெராசிராக்ஸ் மாத்திரை. மேல் வயிறு எரிகிறது என்கிறாள். ரத்தசோகையும் ஹெச். பைலோரியும் சேர்ந்து வரும் என்று படித்தேன். பரிசோதிக்கலாமா?
– ஒரு அம்மா, தருமபுரி

நீங்கள் படித்தது உண்மை, ஆனால் உங்கள் மகளுக்கான விஷயம் அல்ல. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை, டானிக்கை ஒழுங்காகச் சாப்பிட்டும் தேறவில்லை, பூச்சி, சீலியாக், உணவுக் குறைபாடு எதுவும் இல்லை என்றால், அப்போது ஹெச். பைலோரி இருக்கிறதா என்று தேடலாம். தலசீமியாவில் இரும்பு குறைவதில்லை, கூடிப்போகிறது. இதைச் சாக்காக வைத்து யாரும் இரும்பு டானிக் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எரிச்சலுக்கு முதல் சந்தேகம் அந்த மாத்திரை மேலேயே. டெஃபெராசிராக்ஸ் வயிற்று வலியும் பேதியும் உண்டாக்கும். சில நேரம் புண்ணும் ரத்தக் கசிவும்கூட வரும். மகள் எந்த வகை சாப்பிடுகிறாள், கரைத்துக் குடிப்பதா, விழுங்குவதா, எந்த நேரத்தில் என்று டாக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள். வகையை மாற்றினாலே சிலருக்குச் சரியாகிவிடும். நீங்களாக நிறுத்தினால் இரும்பு இதயத்தில் சேரும், அது வயிற்று எரிச்சலைவிடக் கொடியது. இடையில் கடையில் வாங்கிய ஆன்டாசிட் சிரப் வேண்டாம். அதில் அலுமினியம் இருந்தால் இந்த மாத்திரையோடு சேராது. எரிச்சல் இல்லாமல், வலது பக்க மேல் வயிற்றில் பிடித்துப் பிடித்து வலித்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். தலசீமியாவில் அது அடிக்கடி வரும், ஒரு ஸ்கேன் சொல்லிவிடும்.

இரும்பு நிறைந்த உடம்பைத் தேடி வரும் பாக்டீரியா ஒன்று உண்டு, பெயர் யெர்சினியா. இரும்பு இருந்தால் கொழிக்கும். ஃபிரிட்ஜ் குளிரிலேயே வளரும் என்பதால் பல நாள் வைத்த பாலும் இறைச்சியும் சந்தேகத்துக்குரியவை. காய்ச்சல், வயிற்று வலி, பேதி மூன்றும் சேர்ந்து வரும். அப்பெண்டிக்ஸ் மாதிரியே வலிக்கும். இரும்பு நீக்கும் மருந்து எடுக்கும், குறிப்பாக டெஸ்ஃபெரால் ஊசி போடும், பிள்ளைகளிடம் இது பாய்ந்து பரவும். எனவே காய்ச்சலோடு வயிற்று வலி வந்த அன்று இரும்பு நீக்கும் மருந்தை நிறுத்திவைத்துவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே முதல் வாக்கியமே ‘தலசீமியா குழந்தை’ என்பதாக இருக்கட்டும். மண்ணீரல் எடுத்த பிள்ளை என்றால் காய்ச்சல் மட்டும் வந்தாலும் போதும், கிளம்பிவிடுங்கள்.

*

வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் மகனுக்கு இந்தக் கிருமி மருந்து கொடுக்கலாமா?
– நாகர்கோவில்

எந்த மாத்திரை என்று எழுதவில்லையே! கார்பமாசெபின் என்றால் கிளாரித்ரோமைசின் அதன் அளவை ஏற்றிவிடும். பிள்ளை தள்ளாடுவான், இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்பான். ஃபெனிட்டாய்ன் என்றால் மெட்ரோனிடசோலில் கவனம். வால்புரோயேட் என்றால் வேறு எச்சரிக்கை: அந்த மருந்தே வயிற்றைப் பிரட்டும், அரிதாகக் கணையத்தை வீங்க வைக்கும். மேல் வயிற்றில் கடும் வலி, முதுகு வரை பாய்கிறது, வாந்தி நிற்கவில்லை என்றால் அதை ‘கேஸ்’ என்று விடாமல் கணையப் பரிசோதனை கேளுங்கள்.

*

மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை என்று சொல்கிறார்கள். எது நல்லது? சிகிச்சை முடிந்து வலி நின்றுவிட்டால் போதாதா?
– ஒரு தந்தை, திருப்பூர் (மகளுக்கு 5 வயது, மூட்டுவாதம்)

உங்கள் மகள் மூட்டுவாதத்துக்கு நாப்ராக்சன் போன்ற வலி மருந்தை நீண்ட நாள் சாப்பிடுகிறாள் என்றால், வயிற்று வலியை அலட்சியம் செய்யாமல் விசாரிக்கலாம்; அந்த மருந்தும் கிருமியும் சேர்ந்தால் புண் வரும் வாய்ப்பு கூடும். ஆனால் வலிக்குக் காரணம் தேட முதல் வழி மூச்சும் இல்லை, மலமும் இல்லை. புண்ணோ என்று சந்தேகம் வலுவாக இருந்தால் எண்டோஸ்கோப்பிதான். குழாய் விட்டுப் பார்ப்பதோடு நிறுத்தாமல், நெறிமுறைப்படி இரைப்பையிலிருந்து குறைந்தது ஆறு துணுக்குகள் எடுத்தால் நல்லது. கிருமி இடம் இடமாக இருக்கும், ஒரே இடத்தில் கிள்ளினால் தப்பிவிடும்.

மூச்சு, மலப் பரிசோதனைகள் முக்கியமாகப் பயன்படுவது மருந்து முடிந்த பிறகு. வலி நிற்பது கிருமி போனதற்குச் சாட்சி இல்லை. அமிலம் குறைக்கும் மருந்திலேயே வலி நின்றிருக்கும், கிருமி உள்ளே சௌக்கியமாக இருக்கும். ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது நாலு வாரம், அமிலம் குறைக்கும் ஒமிப்ரசோல் வகை மருந்து நிறுத்தி குறைந்தது இரண்டு வாரம் ஆன பிறகே பரிசோதிக்க வேண்டும். அவசரப்பட்டால் பொய்யான ‘நெகட்டிவ்’ வரும். மூச்சுப் பரிசோதனையில் யூரியா கலந்த பானத்தைக் குடித்துவிட்டு பைக்குள் ஊத வேண்டும். கிருமி அந்த யூரியாவை உடைத்தால் மூச்சில் தெரியும். ஆறு வயதுக்குக் கீழ் அது சரியாக வருவதில்லை. வாயில் இருக்கும் மற்ற பாக்டீரியாக்களும் யூரியாவை உடைத்துக் குழப்பும், குட்டிப் பிள்ளைகளுக்கு ஊதவும் வராது. அதனால் உங்கள் மகளுக்கு, மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் மல ஆன்டிஜன் பரிசோதனையே சரி. பெரிய பிள்ளைக்கு மூச்சுப் பரிசோதனை என்றால் கார்பன் 13 போட்டதா, 14 போட்டதா என்று கேளுங்கள். 14-ல் லேசான கதிரியக்கம் உண்டு; குழந்தைக்கு 13 போதும்.

14 நாளையும் முழுதாக முடிப்பதுதான் கஷ்டம். வாய் கசக்கும், இரும்பைச் சப்புவது மாதிரி இருக்கும், பேதி போகும், ஐந்தாம் நாளில் பிள்ளை மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கும். அமிலம் குறைக்கும் மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாலும் ஆன்டிபயாடிக்கைச் சாப்பாட்டோடும் கொடுங்கள். பாதியில் நிறுத்தினால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும், அடுத்த தடவை அது வேலை செய்யாது. இதில் வரும் அமாக்ஸிசிலின் ஆன்டிபயாடிக்கால் உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் மட்டும் நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்.

*

மணத்தக்காளி, தயிர், தேன், புரோபயாடிக் பவுடர் இவற்றால் கிருமியை விரட்ட முடியாதா?
– மன்னார்குடி

விரட்ட முடியாது. மணத்தக்காளிக் கீரையும் தயிரும் நல்ல சாப்பாடு, தாராளமாகக் கொடுங்கள். தேனால் கிருமி போகாது, சர்க்கரை உள்ள குழந்தைக்கு மீட்டரில் எண்தான் ஏறும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. புரோபயாடிக் சில பிள்ளைகளுக்கு ஆன்டிபயாடிக் பேதியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். கீமோதெரபிக்காகவோ டயாலிசிஸுக்காகவோ பெரிய ரத்தக் குழாயில் லைன் போட்டிருக்கும் குழந்தைக்கு அதையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். சில பாக்கெட்டுகளில் இருக்கும் ஈஸ்ட் என்ற பூஞ்சை சிலருக்கு ரத்தத்திலேயே போய்த் தொற்றியிருக்கிறது. அந்தப் பவுடரைக் குழந்தையின் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்து உடைப்பதும் வேண்டாம்.